யோர்தான் தண்ணீர்

கோயில் பெருக்கும் எப்சிபா ஞாயிறு பள்ளியில் நடத்தும் வேதபாடத்தைக் கேட்க, கொஞ்ச நாளாய் ஆண்களும் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். போதகர் ஞானமுத்துவுக்குப் பொறுக்குமா? ஆராதனை முடிந்ததும் சபை நடுவே அவளை எழுப்பி நிறுத்தினார்.

"பவுல் என்ன எழுதியிருக்கிறார்? ஆதாம் வஞ்சிக்கப்படவில்லை, ஸ்திரீயே வஞ்சிக்கப்பட்டாள். அதனால் பெண் போதிக்கக் கூடாது. இதற்குப் பதில் இருந்தால் சொல்லு. இல்லையென்றால் இன்றோடு வகுப்பை நிறுத்து."

"சரிங்க ஐயா. ஏமாந்தவங்க போதிக்கக் கூடாது, அதுதானே சட்டம்?"

"அதேதான்! ஏமாந்தவருக்கு இங்கே இடமே இல்லை" என்று போதகர் பிரசங்க பீடத்தில் ஓங்கித் தட்டினார்.

எப்சிபா போய், ஞானஸ்நானத் தொட்டியருகே பட்டுத்துணி போர்த்தி வைத்திருந்த கேனைத் தூக்கி வந்தாள். இயேசு ஞானஸ்நானம் பெற்ற யோர்தான் நதியின் தண்ணீர் என்று ஒரு வெளியூர் ஊழியக்காரர் கொடுத்தது. போதகர் அதைப் பவனியாகக் கொண்டுவந்து, ஏழு குழந்தைகளுக்கு ஞானஸ்நானமும் கொடுத்திருந்தார்.

"இது நம்ம கோயில் அடிபம்புத் தண்ணி ஐயா. குடிக்கணும்னு அந்த ஊழியக்காரர் கேட்டார், நான்தான் அடிச்சு நிரப்பிக் கொடுத்தேன். அடியில பாருங்க, நம்ம பம்புத் துரு."

சபை எட்டிப் பார்த்தது. துரு இருந்தது.

"இதை அன்றைக்கே சொல்லித் தொலைப்பதற்கென்ன?" என்று போதகர் சீறினார்.

"சொல்ல வந்தேனே ஐயா. ஆம்பளைக்குப் பொம்பளை போதிக்கக் கூடாதுன்னு நீங்கதான் திருப்பி அனுப்பினீங்க."

போதகர் பீடத்தின் மேலிருந்த கையை மெல்ல எடுத்துக்கொண்டார்.