வேங்கையனுக்குப் பயமில்லை

"டீச்சர், என் கதையில பாம்பு சூரியனையே விழுங்கிருச்சு. படிக்கிறவங்க கொட்டாவி விடுறாங்க," என்றார் நயினார்.

செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னார்.

கோமதி டீச்சர் அவரைவிடப் பத்து வயது இளையவள். செல்போனில் வாராவாரம் வரும் மாயாஜாலத் தொடர் ஒன்றை வருஷக்கணக்கில் எழுதி, முறையாகச் சுபம் போட்டுவிட்டு, கடையநல்லூரில் அக்கடா என்று இருந்தாள். தொடர் எழுதுகிறவர்கள் கதை சிக்கிக்கொண்டால் அவளிடம்தான் ஓடி வருவார்கள்.

"உட்காருங்க அண்ணாச்சி. போன வாரம் பாம்பு எதை விழுங்குச்சு?"

"மலையை."

"அடுத்த வாரம்?"

நயினார் வானத்தைப் பார்த்தார். விழுங்குவதற்கு அங்கே பெரிதாக எதுவும் மிச்சமில்லை.

அவருடைய நாயகன் வேங்கையன், விளையாட்டைப் போல அமைந்த ஓர் உலகத்தில் மாட்டிக்கொண்டவன். அரக்கனைக் கொன்றால் புள்ளி. புள்ளி சேர்ந்தால் லெவல். லெவல் ஏறினால் புது வித்தை. நாலு வருஷத்தில் முந்நூறாவது லெவலைத் தாண்டிவிட்டான். போதாததற்குக் கழுத்தில் ஓர் உயிர்மணி. செத்தால் மணி அடிக்கும், எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

எத்தனை தடவை செத்தான் என்பது நயினாருக்கே மறந்துவிட்டது.

"இந்த மாசத்துக்குள்ள படிக்கிற கூட்டம் கூடலைன்னா ஆப்காரங்க தொடரை நிறுத்திருவாங்களாம் டீச்சர். அதையாவது தாங்கிக்குவேன். எங்க வீட்ல செண்பகவடிவுக்காகத்தான் இதை எழுதவே ஆரம்பிச்சேன். முன்னெல்லாம் அடுத்து என்ன, அடுத்து என்னன்னு கரண்டியோட என் பின்னாடியே சுத்துவா. நேத்து போனை நீட்டுறேன், 'அவன்தான் எப்படியும் பொழைச்சிருவானே'ன்னு சொல்லிட்டு மாவாட்டப் போயிட்டா."

ஊரே கைவிட்டதைவிட அந்த மாவாட்டல்தான் அவருக்கு வலித்தது.

"நாப்பது அத்தியாயம் முன்கூட்டியே எழுதி வச்சிருக்கேன். அதுல வர்ற அரக்கனுக்கு இன்னும் எத்தனை தலை கூட்டலாம்னு மட்டும் சொல்லுங்க. கிளம்பிருதேன்."

டீச்சர் அவருடைய மஞ்சப்பையை இழுத்து, உள்ளேயிருந்த பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். புளிச்சாதம். சாப்பிடத் தொடங்கினாள்.

நயினாருக்குப் பகீரென்றது. மதியத்துக்கு அவரிடம் இருந்தது அது ஒன்றுதான்.

"நல்லாருக்கே. யாரு கட்டிக் குடுத்தா?"

"வீட்லதான்."

"வேங்கையனுக்கு யாரு கட்டிக் குடுப்பா?"

"அவன் வீரன் டீச்சர். நான் அரக்கனோட தலையைப் பத்திக் கேட்டேன்."

"அப்போ நாலு வருஷமாப் பட்டினியா?"

எரிச்சல் வந்தது அவருக்கு. பஸ் ஏறி வந்தது சோறு கொடுத்து வம்பு வாங்கவா? பேசாமல் கிளம்பலாம் என்று எழுந்தார். பாதியில் நின்றார்.

"ஒருத்தி இருந்தா. மாடத்தி. ரெண்டாவது அத்தியாயத்துல அவனுக்குக் கூழ் ஊத்தினா. அப்புறம் சட்டியைத் தூக்கிக்கிட்டு அவன் பின்னாடியே வந்துட்டா."

"அவ என்ன லெவல்?"

"சமைக்கிறவளுக்கு ஏது லெவல்? ஒண்ணுதான்."

"மணி?"

"அது வேங்கையனுக்கு மட்டும்தான் அடிக்கும்."

"இத்தனை சண்டையில அவ எப்படி உசுரோட இருக்கா?"

"நான்தான் அவளை அதுக்கப்புறம் எழுதவே இல்லையே!"

டீச்சர் இன்னொரு வாய் சாப்பிட்டாள்.

"இன்னைக்கு வர்ற அத்தியாயத்துல பாம்பு எந்த வழியா வருது?"

"ஆத்து வழியா. வேங்கையன் மிச்சமிருக்கிற மலை உச்சியில நிக்கான்."

"அவன் சாப்பிட்டு முடிச்சாச்சா?"

"ஆச்சு."

"அப்போ மாடத்தி எங்க இருப்பா?"

நயினார் வாயைத் திறந்தார். சாப்பிட்டு முடித்தால் சட்டி கழுவ வேண்டும். அந்தக் காட்டில் தண்ணீருக்கு ஆறு ஒன்றுதான் உண்டு. அதை அங்கே ஓடவிட்டவரே அவர்தான்.

அவர் முகம் வெளுத்துவிட்டது.

டீச்சர் இலையை மடக்கி எறிந்தாள். கை கழுவினாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பஸ்ஸில் நயினாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. போனை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். எழுதி வைத்திருந்த நாற்பதையும் புரட்டினார். எல்லாவற்றிலும் வேங்கையன் ஜெயித்திருந்தான். ஒன்றிலும் மாடத்தி இல்லை. ஒவ்வொன்றாக அழித்தார்.

பிறகு இன்றைய அத்தியாயத்தின் முடிவை மாற்றி எழுதினார். மலை உச்சியிலிருந்து வேங்கையன் நிலா வெளிச்சத்தில் கீழே பார்க்கிறான். ஆற்றங்கரையில் மாடத்தி முதுகைக் காட்டி உட்கார்ந்து சட்டியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் தண்ணீர் மெல்ல உயர்கிறது. அவன் கத்துகிறான். சட்டி தேய்க்கும் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. கழுத்து மணியை இறுக்கிப் பிடிக்கிறான். அது அவளுக்கு அடிக்காது.

அதோடு நிறுத்தி வெளியிட்டார்.

பஸ் ஆலங்குளம் தாண்டுவதற்குள் போன் அடித்தது. செண்பகவடிவு.

"ஏங்க, அந்தப் பிள்ளையை எதுக்கு ஆத்தங்கரையில தனியா விட்டீங்க?" குரல் நடுங்கியது. "அவளுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

ஆகாது என்று சொல்ல நயினார் வாயெடுத்தார். நாலு வருஷமாக அதைத்தான் சொல்லி வந்திருக்கிறார்.

"தெரியலையே செண்பகம்," என்றார்.

அந்தப் பக்கம் கரண்டி கீழே விழுந்தது.

"தெரியலையா? அப்போ பஸ்ல என்னத்தை வேடிக்கை பாத்துக்கிட்டு வர்றீங்க? எழுதுங்க!"