ஆறு விட்டுப்போன ஏரி

ஆறு இன்றைக்கு ஓடுகிற இடத்தில் ஒருகாலத்தில் சோளக்காடு இருந்ததாம். அந்தக் காலத்துக் கதை இது.

அப்போது ஆறு ஊரை ஒட்டி வளைந்து போனது. படித்துறை இருந்தது, ஓடம் இருந்தது, ஓடம் தள்ள நல்லண்ணன் என்று ஒருவர் இருந்தார். ஓர் ஐப்பசியில் மழை விடாமல் பெய்து வெள்ளம் வந்தது. அக்கரையில் கட்டியிருந்த ஓடத்தைக் கொண்டுவர நீந்திப் போன அவர் மகன் மாரப்பன் திரும்பவில்லை. அதே வெள்ளம் பழைய வளைவை விட்டுவிட்டு, சோளக்காட்டை அறுத்துக்கொண்டு நேராகப் போய்விட்டது. மழை விட்டதும் பார்த்தால், படித்துறைக்குக் கீழே ஓட்டமில்லாத தண்ணீர் மட்டும் கிடந்தது. வளைவு ஏரியாகியிருந்தது. ஆற்றுக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு மணல்திட்டு.

பிறகு ஏரி தன்பாட்டுக்கு அழகானது. கரையில் கோரை முளைத்தது. அல்லி படர்ந்தது. எங்கிருந்தோ நாமக்கோழிகள் வந்து கோரைக்குள் முட்டையிட்டன. சாயங்காலம் மருதமரத்தின் நிழல் தண்ணீரில் அசையாமல் விழும். வழியே போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். நல்லண்ணனுக்கு மட்டும் அதைப் பார்க்கக் கூசும். மகன் முழுகிய இடத்தில் பூ பூக்கிறதே.

அந்த ஊரில் ஒரு வழக்கம். தண்ணீர் கொண்டுபோனவரின் உடல் கிடைக்காவிட்டால், சுடாத மண்கலயத்தில் ஒரு பிடி அரிசி போட்டு, அவரைக் கொண்டுபோன அதே தண்ணீரில் விடவேண்டும். தகப்பன் இருந்தால் தகப்பன் கையால் விடவேண்டும். கலயம் கரைந்தால் இறந்தவர் கரையேறிவிட்டார் என்று அர்த்தம். கலயம் விடுகிற நாள்வரை அவர் மனைவி தாலியைக் கழற்றக் கூடாது. ஊரெல்லை தாண்டித் தாய்வீட்டுக்குப் போகவும் கூடாது.

மருமகள் பாவாயி ஆடிக்கு ஆடி மண் பிசைந்து ஒரு கலயம் பிடித்துக் காயவைப்பாள். நல்லண்ணன் விடமாட்டார். கலயம் பரணில் கிடந்து வெடித்துப் போகும்.

"எந்தத் தண்ணியில விடறது?" என்பார். "அவனைக் கொண்டுபோன தண்ணி ஆத்தோட ஓடிருச்சோ, இங்கே ஏரியா நின்னுருச்சோ, யாருக்குத் தெரியும்?"

மணல்திட்டில் குடிசை போட்டு ஒரு சாமியாரம்மா இருந்தாள். சடையம்மை என்பார்கள். நல்லண்ணனைவிட வயதில் ரொம்ப இளையவள். இந்தக் கேள்வியோடுதான் அவர் அவளிடம் போனார். பதில் வருகிறவரை விறகு பொறுக்கிப் போடுகிறேன் என்று அங்கேயே சீடராகிவிட்டார். வீட்டுக்குச் சாப்பிட மட்டும் வருவார்.

ஊரார் கேலி பேசினார்கள்.

"ஏனுங் ஓடக்காரரே, உங்க குருவுக்குப் பால்பல் விழுந்துருச்சுங்களா?"

"விழுந்து முளைச்சிருச்சு. உனக்குத்தான் இன்னும் விழலை."

ஒவ்வொரு நாளும் அவர் கேட்பார். "சாமி, என் மவன் ஆத்துல இருக்கானா, ஏரியில இருக்கானா?"

சடையம்மை அடுப்பை ஊதிக்கொண்டிருப்பாள்.

ஓர் ஆடியில் பாவாயியின் அண்ணன் குப்பண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்தான். ஊருக்குள் போகவில்லை. வண்டியைப் படித்துறையில் நிறுத்திவிட்டு நேரே மணல்திட்டுக்கு வந்தான்.

"மாமா, பாவாயியைக் கட்டிக்க ஒருத்தர் கேட்டிருக்காருங்க. நல்ல மனுசன். ரொம்ப நாளாப் பொறுத்துட்டாரு. ஆவணி பொறந்தா வேற இடம் பார்த்துக்குவேன்னு சொல்லிட்டாரு. இன்னைக்காவது கலயத்தை விடுங்க."

"தண்ணி தெரியாம எப்படி விடறது?"

"உங்களுக்குத் தண்ணி தெரியலையா? ஆயுசு பூரா அதுமேலதானுங்களே உட்கார்ந்திருந்தீங்க."

"போடா. குரு சொல்லட்டும், விடறேன்."

சடையம்மை அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். ஒருபக்கம் ஆறு, ஒருபக்கம் ஏரி. நடுவில் போய் நின்று காலால் மணலைத் தட்டினாள்.

"நல்லண்ணா, இங்கே தோண்டு."

அவர் கையால் தோண்டினார். முதலில் காய்ந்த மணல் சரிந்தது. பிறகு ஈரமணல் வந்தது. முழங்கை ஆழத்தில் தண்ணீர் ஊறியது. கலங்கல் தெளிகிறவரை இருவரும் காத்திருந்தார்கள்.

"குடி."

அள்ளிக் குடித்தார்.

"இது ஆத்துத் தண்ணியா, ஏரித் தண்ணியா?"

நல்லண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இதென்ன கேள்வி சாமி? மணலுக்கடியில அது இதுக்குள்ள ஊறும், இது அதுக்குள்ள ஊறும். ஆறு வத்துனா ஏரி வத்துது. ஆறு பெருகுனா ஏரி பெருகுது. இதுகூடத் தெரியாத ஓடக்காரனா நான்?"

"எப்பருந்து தெரியும்?"

"மொதல்லருந்தே தெரியும்."

"பின்னே எதுக்குக் கேட்டுக்கிட்டிருந்தே?"

அவர் குழிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். குப்பண்ணன் மாட்டைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கலயத்தை விட்டா அவ போயிருவாளுங்க சாமி. அவளும் போயிட்டா அந்த வீட்ல மாரப்பன் பேரைச் சொல்ல ஆளிருக்காது."

"இப்ப அவ பேரை அந்த வீட்ல யாரு சொல்றாங்க?"

நல்லண்ணன் யோசித்துப் பார்த்தார். 'ஏம்மா' என்பார். வெளியாட்களிடம் 'மாரப்பன் பொண்டாட்டி' என்பார். அவ்வளவுதான்.

கையில் ஒட்டிய மணலைக்கூடத் தட்டாமல் எழுந்து வீட்டைப் பார்த்து நடந்தார்.

அந்த வருசத்துக் கலயம் நன்றாகக் காய்ந்திருந்தது. அவர் அதைப் பரணிலிருந்து இறக்கியதைப் பார்த்த பாவாயி, அரிசியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். படித்துறையின் கடைசிப் படியில் நின்று தாலியைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதை அரிசியோடு கலயத்தில் போட்டு ஏரியில் விட்டார்.

ஆறாக இருந்திருந்தால் கண்ணுக்கு மறைவாகக் கொண்டுபோயிருக்கும். ஏரி கொண்டுபோகவில்லை. கலயம் அவர்கள் எதிரிலேயே நின்றது. மெல்ல விளிம்பு கரைந்தது. ஒருபக்கம் சாய்ந்தது. தண்ணீர் செம்மண் நிறமாகி, பிறகு தெளிந்தது. அரிசியைத் தேடிக் கெண்டைக்குஞ்சுகள் வந்தன.

"மாமா, மீன் தின்னுதுங்க."

"தின்னட்டும் பாவாயி."

அவள் சட்டென்று அவரைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வெயில் ஏறுது," என்றான் குப்பண்ணன் மேலேயிருந்து. "மாடு நிக்க மாட்டேங்குது புள்ளே."

வண்டியில் ஏறப் போனவள் திரும்பி வந்தாள்.

"சோத்துல தண்ணி ஊத்தி வெச்சிருக்கேன் மாமா. ராத்திரிக்கு ஆகும். உப்பு ஜாடி மேல் பலகையில இருக்குது. உங்களுக்குத் தெரியாது."

"தெரியாது," என்றார் அவர்.

வண்டி ஏரிக்கரையோடு போய், கோரைக்கு அப்பால் திரும்பி, மறைந்தது. கொஞ்சநேரம் சக்கரச் சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

சடையம்மை குடத்தோடு தண்ணீருக்கு வந்தாள். நல்லண்ணன் படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"சாமி, கலயம் கரைஞ்சிருச்சு. என் மவன் போயிட்டானுங்களா?"

"அவன் போய் வெகுநாளாச்சு நல்லண்ணா. இன்னைக்குப் போனது பாவாயி. அவளுக்காக அழு."

அவள் குடத்தை நிரப்பிக்கொண்டு போன பிறகும் நல்லண்ணன் அங்கேயே இருந்தார். பொழுது சாயும்போது எழுந்து, மணல்திட்டுப் பக்கம் திரும்பாமல், வீட்டை நோக்கி நடந்தார்.