ஐந்து பழத் துறை

பூவரசங்குட்டை வற்றிக்கொண்டிருந்தது. சித்திரை பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை, தவளைகள் மூட்டை கட்டிவிட்டன. மீன்கொத்தி அதற்கு முன்பே கிளம்பிவிட்டது. மீதியிருந்த மிருகங்களும் காட்டின் மறுபக்கத்தில் இருக்கும் மேலேரிக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் தாகத்தில் சாக வேண்டியதுதான்.

மேலேரிக்கு இரண்டு வழிகள் இருந்தன. நாணல்துறையில் ஆற்றைத் தாண்டினால் அரை நாளில் போய்ச் சேரலாம். முள்மேட்டைச் சுற்றிப் போனால் இரண்டு நாள் ஆகும்.

எந்த வழியில் போகலாம் என்று அந்தக் காட்டில் யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்கத் தேவையும் இல்லை. கிளிவழி என்று ஓர் ஏற்பாடு இருந்தது. குட்டைக்கரை அத்திமரத்தில் பவழம் என்ற கிளி உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து மேலேரிவரை பெரிய மரம் ஒவ்வொன்றிலும் ஒரு கிளி. ஒரு கிளி சொன்னால் அடுத்த கிளி கேட்கும், அது சொன்னால் அதற்கடுத்த கிளி கேட்கும். கண் மூடித் திறப்பதற்குள் காட்டின் இந்தக் கோடியில் பேசியது அந்தக் கோடிக்குப் போய்விடும்.

புறப்படுகிறவர் பவழத்திடம் பெயரைச் சொல்ல வேண்டும். அந்த வழிக்கான மரப்பொந்தில் பவழம் ஒரு புளியங்கொட்டையைப் போடும். போய்ச் சேர்ந்தவர் அங்குள்ள கிளியிடம், வந்த வழிக்கு ஐந்துக்கு எத்தனை பழம் தரலாம் என்று சொல்வார். ஐந்து பழம் என்றால் அருமையான வழி, ஒரு பழம் என்றால் படுமோசம். அந்தச் செய்தி வந்து சேர்ந்ததும் பவழம் அவருடைய கொட்டையைப் பொந்திலிருந்து எடுத்து எறிந்துவிடும்.

இந்த ஏற்பாடு வந்த பிறகு மிருகங்கள் அண்ணாந்து கிளியைப் பார்த்தபடியே நடக்கப் பழகிக்கொண்டன. அப்படி நடந்து குழியில் விழுந்தவர்கள், குழிக்கும் ஒரு பழம் போட்டுவிட்டு எழுந்து போனார்கள்.

ஒரு நாள் காலையில் பொட்டு என்ற சருகுமான் அத்திமரத்தடிக்கு வந்தது. முயலைவிடக் கொஞ்சம்தான் பெரிய மான் அது. அதன் காலோடு ஒட்டிக்கொண்டு பத்து நாள் குட்டி ஒன்று நின்றது. குட்டையில் தண்ணீர் குறையக் குறைய பொட்டுவுக்குப் பாலும் குறைந்துகொண்டே வந்தது. இன்றைக்கே கிளம்பாவிட்டால் குட்டி பிழைக்காது என்பது அதற்குத் தெரியும். இரண்டு நாள் நடக்கக் குட்டியால் முடியுமா என்பதுதான் தெரியவில்லை.

அங்கே துள்ளன் என்ற முயல் ஏற்கெனவே வந்து நின்றது.

"நாணல்துறை எத்தனை பழம்?" என்று துள்ளன் கேட்டது.

"அஞ்சு! சுத்தமா அஞ்சு பழம்! ஒரு குறை இல்லை" என்றது பவழம்.

"முள்மேடு?"

"அதை ஏன் கேக்கறே? ரெண்டேகால். முள் குத்துதுன்னு ஒருத்தர். நிழல் பத்தலைன்னு ஒருத்தர். வழியிலே சடையன்னு ஒரு மந்தி இருக்கு, வாய் ஓயாம பேசி உயிரை வாங்குதுன்னு ஒன்பது பேர். சூரியன் நேரா மூஞ்சியிலே அடிக்குதுன்னு காட்டுப்பன்னி ஒரு பழம்தான் போட்டுச்சு."

துள்ளன் சிரித்தது. "அஞ்சு பழ வழி இருக்கும்போது ரெண்டு பழ வழியிலே போறவன் முயலா இருக்க மாட்டான். வாக்கா, சேர்ந்தே போயிடலாம். மதியத்துக்குள்ளே உன் குட்டி ஏரித் தண்ணி குடிக்கும்."

பொட்டுவுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும் அது பவழத்தைப் பார்த்து ஒன்று கேட்டது.

"எங்க அக்கா மருதி நாலு நாளைக்கு முன்னாடி நாணல்துறை வழியா போனாளே, அவ எத்தனை பழம் போட்டா?"

பவழம் தலையைச் சாய்த்து யோசித்தது. "மருதியா? அவ ஒண்ணும் போடலையே."

"ஒண்ணுமே சொல்லலையா?"

"ஒரு வார்த்தை சொல்லலை. மறந்திருப்பா. இந்தக் காலத்திலே யாருக்குப் பொறுமை இருக்கு?"

மருதியைப் பொட்டுவுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். மழை பெய்தால் ஈரம் என்பாள். நின்றால் புழுக்கம் என்பாள். தேன்போல் இனிக்கும் இலுப்பைப்பூவைத் தின்றுவிட்டு, பல்லில் ஒட்டுகிறது என்று பாதி நாள் புலம்புவாள். குறை சொல்லாமல் அவள் எங்கேயும் போய்ச் சேர்ந்ததே கிடையாது.

"எங்க அக்கா போய்ச் சேர்ந்திருந்தா, முதல் வேலையா ஒரு பழம் போட்டு, ஒம்பது குறை சொல்லியிருப்பா" என்றது பொட்டு. "பவழம், பொந்துக்குள்ளே எட்டிப் பாரு. நாணல்துறைக் கொட்டை எத்தனை மிச்சம் இருக்கு?"

பவழத்துக்கு எரிச்சல் வந்தது. கொட்டையை எண்ணச் சொல்லி அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. இருந்தாலும் பொந்துக்குள் தலையை விட்டு எண்ணிப் பார்த்தது.

"நாப்பத்தெட்டு பேரை அனுப்பினேன். முப்பத்தொரு பேர் பழம் போட்டாங்க. பதினேழு கொட்டை கிடக்கு."

"முள்மேட்டுப் பொந்திலே?"

பவழம் அடுத்த பொந்தில் எட்டிப் பார்த்தது. வெறும் தூசிதான் இருந்தது. "ஒண்ணுகூட இல்லை. போன அத்தனை பேரும் வந்து திட்டித் தீர்த்துட்டாங்க."

"அப்போ அந்தப் பதினேழு பேரு எங்கே?"

"அவங்கதான் ஒரு குறையும் சொல்லலையே. திருப்தியாத்தான் இருப்பாங்க" என்றது பவழம்.

துள்ளனுக்குக் கால் பரபரத்தது. "பதினேழு சோம்பேறிங்களுக்காக ரெண்டு நாள் வெயில்லே நடக்கச் சொல்றியா? போனவங்க என்ன சொன்னாங்கன்னு கேளுக்கா. பவழம், நீயே சொல்லு."

பவழம் கடகடவென்று ஒப்பித்தது. "துறையிலே தண்ணி சிலுசிலுன்னு இருக்கு, இது மிளா மான். ஆத்திலே வசதியா ஒரு கட்டை கிடக்கு, கால் நனையாம தாண்டிட்டோம், இது கீரிக் குடும்பம். கட்டை இக்கரையிலேயே கிடக்கு, ஏறிக்கிட்டா சுகம், இது முள்ளம்பன்னி. கட்டை அக்கரைப் பக்கமா இருந்தது, கொஞ்சம் தாவ வேண்டியிருந்தது, ஆனாலும் அஞ்சு பழம், இது தேவாங்கு."

"கேட்டியா? யாரோ கட்டையே போட்டு வச்சிருக்காங்க, அதுக்கு மேலே என்ன வேணும்? பவழம், என் கொட்டையைப் போடு!" என்று சொல்லிவிட்டுத் துள்ளன் நாணல்துறைப் பக்கம் பாய்ந்தது.

பொட்டு அங்கேயே நின்று யோசித்தது. கோடை வந்து ஆறு ஓட்டம் நின்றுவிட்டது. துறையில் இருப்பது தேங்கின தண்ணீர், அதுவும் கொஞ்ச நாளில் வற்றிவிடும். தேங்கின தண்ணீரில் கட்டை எப்படி ஒரு நாள் இக்கரையிலும் ஒரு நாள் அக்கரையிலும் கிடக்கும்?

அதற்கு மேல் யோசிக்க நேரம் இல்லை. குட்டியை ஒரு புதருக்குள் படுக்க வைத்து, "அசையாதே" என்று சொல்லிவிட்டுத் துள்ளன் பின்னால் ஓடியது.

நாணல்துறையில் மரம் இல்லை. மரம் இல்லாத இடத்தில் கிளியும் இல்லை. நாணல் மட்டும் ஆளுயரத்துக்கு நின்றது. தண்ணீர் ஓரத்தில், முயல் ஒன்று அலுங்காமல் ஏறிக்கொள்ளும்படி, ஒரு கட்டை வாகாகக் கிடந்தது. துள்ளன் முன்னங்காலைத் தூக்கிவிட்டது.

"துள்ளா, நில்லு! ஒரே ஒரு கல்லைத் தள்ளிவிட்டுட்டு அப்புறம் ஏறு. நான் கேக்கறது அவ்வளவுதான்."

"என்னக்கா நீ, சந்தேகத்துக்குப் பிறந்தவளா இருக்கே" என்று முணுமுணுத்தபடி துள்ளன் பின்னங்காலால் ஒரு கல்லை உதைத்தது. கல் உருண்டு போய்க் கட்டையின் மேல் விழுந்தது. மரத்தில் விழுந்தால் டொக்கென்று கேட்க வேண்டும். இது தொப்பென்று கேட்டது. கட்டைக்கு ஒரு கண் திறந்தது.

துள்ளன் பின்னால் பாய்ந்ததும் முதலை வாயைத் திறந்து மூடியதும் ஒரே நொடியில் நடந்தன. முதலையின் பல்லில் கொஞ்சம் வால்முடி மாட்டியது. மற்றபடி முயல் முழுசாகக் கரையில் இருந்தது.

முதலைக்கு மனக்குறை வந்துவிட்டது.

"கல்லை ஏன் உதைச்சீங்க? முப்பத்தொரு பேரை முதுகிலே சுமந்து இறக்கிவிட்டவன் நான். ஒருத்தர் மேலே பல்லு பட்டிருக்குமா?"

"எதுக்கு இறக்கிவிட்டே?" என்று கேட்டது பொட்டு.

"அவங்க போய்ப் பழம் போட்டாத்தானே அடுத்த ஆள் வருவாங்க? ரெண்டு பேரை அனுப்பினா ஒருத்தரைப் பிடிச்சுக்கலாம். கும்பலா வந்தா அனுப்பிடுவேன். தனியா வந்தா வச்சுக்குவேன். நான் வச்சுக்கிட்ட பதினேழு பேரிலே ஒருத்தர்கூட இதுவரைக்கும் என்னைப் பத்திக் குறை சொன்னதில்லை. வேணும்னா கிளியைக் கேட்டுப் பாரு."

பொட்டு கேட்கப் பயந்ததைக் கேட்டேவிட்டது. "நாலு நாளைக்கு முன்னாடி ஒரு சருகுமான் வந்தாளா?"

"வந்தாளே. சேறு காலிலே ஒட்டுதுன்னா. நாணல் காதிலே குத்துதுன்னா. கட்டை வழுக்குதுன்னா." முதலை கொஞ்சம் நிறுத்தியது. "அவ்வளவுதான் சொன்னா."

அக்கா வாயால் இன்னும் ஒரே ஒரு குறை கேட்க மாட்டோமா என்று பொட்டுவுக்கு இருந்தது. அந்தக் குரல் போதும் போதும் என்று எத்தனை நாள் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறது! இப்போது அழ வேண்டும்போல் இருந்தது. ஆனால் புதரில் குட்டி கிடக்கிறது. பொட்டு திரும்பி நடந்தது. துள்ளன் பின்னால் வந்தது.

அத்திமரத்தடியில் இருவரும் நடந்ததைச் சொன்னார்கள். பவழத்தின் பச்சை நிறமே வெளுத்துவிட்டது.

"நான் யாரையும் ஏமாத்தலையே. சொன்னவங்க சொன்னதைத்தானே சொன்னேன்?"

"சொல்லாதவங்களைப் பத்தி நீ சொல்லவே இல்லை. நாங்களும் கேக்கவே இல்லை" என்றது பொட்டு.

"முதல்லே என் கொட்டையை எடுத்து வெளியே போடு" என்றது துள்ளன்.

பவழம் பொந்தில் தலையை விட்டு, துள்ளனின் கொட்டையை எடுத்துக் கீழே எறிந்தது. மற்ற பதினேழையும் தொடவில்லை. கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த மரத்துக்குக் கேட்கும்படி உரக்கக் கத்தியது.

"நாணல்துறை! பழம் அஞ்சு! போனவங்க நாப்பத்தெட்டு! சேராதவங்க பதினேழு! கட்டை முதலை! யாரும் போகாதீங்க!"

கத்தி முடித்ததும் முதலையின் வாயில் போன அந்தப் பதினேழு பேரின் பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னது. மருதியின் பெயர் காட்டின் கடைசி மரம்வரை போனது.

பொட்டுவும் குட்டியும் துள்ளனும் முள்மேட்டு வழியில் கிளம்பினார்கள். முள் நிஜமாகவே குத்தியது. நிழல் நிஜமாகவே இல்லை. நடு வழியில் சடையன் என்ற மந்தி மரத்திலிருந்து இறங்கி வந்து, தன் சித்தப்பாவுக்கு முழங்கால் வலி வந்த கதையை ஆரம்பித்தது. நடக்க நடக்க, கதையும் கூடவே நடந்தது. ஆனால் பேசிக்கொண்டே நெல்லிக்காயும் பறித்துப் போட்டது. பாறைச் சுனை எங்கே இருக்கிறது என்றும் காட்டியது. "முன்னாடியும் எல்லாருக்கும் காட்டினேன், எல்லாரும் குடிச்சுட்டு ரெண்டே பழம் போட்டுட்டுப் போனாங்க" என்று சொல்லிச் சிரித்தது. சுனைத் தண்ணீர் உள்ளே போனதும் பொட்டுவுக்குப் பால் சுரந்தது. குட்டி குடித்தது. நடந்தது. படுத்தது. மறுபடி நடந்தது.

இரண்டாம் நாள் பொழுது சாய்வதற்குள் மேலேரி பளபளவென்று தெரிந்தது. குட்டி ஓடிப் போய் மூக்குவரை தண்ணீரில் விட்டுக்கொண்டது.

கரையில் இருந்த கிளி, பழக்கத்தை விடாமல், "முள்மேட்டு வழிக்கு எத்தனை பழம்?" என்று கேட்டது.

"என்னைக் கேக்காதே, அக்காவைக் கேளு" என்று துள்ளன் ஒதுங்கிக்கொண்டது.

வாழ்நாளில் எதையும் குறை சொல்லி அறியாத பொட்டு ஆரம்பித்தது. "முள்ளு காலைக் கிழிச்சுடுச்சு. வெயில் மண்டையைப் பிளந்துடுச்சு. பாறை சுடுது. நெல்லிக்காய் துவர்ப்பு. அந்த மந்தியோட சித்தப்பா முழங்காலைப் பத்தி இனிமே எனக்குத் தெரியாதது எதுவுமே இல்லை. சுனைத் தண்ணியிலே பாசி வாசம். மேடு ஏறினா இறக்கம், இறங்கினா மேடு. குட்டி ரெண்டு தடவை விழுந்துட்டான்." மருதி எப்படி மூச்சு விடாமல் சொல்வாளோ, அப்படியே சொன்னது. அந்தச் சத்தம் காதில் விழுந்தபோது அக்கா பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது.

கிளி பெருமூச்சு விட்டது. "சரி, ஒரு பழம்னு சொல்லிடட்டுமா?"

"அஞ்சு பழம்" என்றது பொட்டு.

"இவ்வளவு குறைக்கா?"

"இவ்வளவு குறையும் சொல்றதுக்கு நான் உயிரோட வந்து சேர்ந்திருக்கேனே!"

போய்ச் சேர்ந்தவர் சொல்வதை மட்டும் கேட்டு வழியைத் தேர்ந்தெடுப்பவர், போய்ச் சேராதவர் போன வழியிலேயே போக நேரும்.