தெருவில் பொங்கிய பால்

காற்றை நம்பிக் கப்பல் ஓடிய காலத்துக் கதை இது, கேளுங்கள். ஒரு துறைமுகப் பட்டினத்தில் மாணிக்கவேள் என்றொரு வெற்றிலை வணிகர் இருந்தார். வயதாகி வியாபாரம் நின்றுபோனது. அவரும் மனைவியும் வாடகைக்கு விட்ட ஒரேயொரு வீட்டை நம்பித்தான் சாப்பிட்டார்கள். நல்ல மனிதர்தான், தரை என்றால் மட்டும் கொஞ்சம் பைத்தியம்.

முதலில் அந்த வீட்டுக்குச் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு கலந்து, முகம் தெரிகிற தரை போட்டார். நெல் குத்துகிறவள் குடிவந்தாள். உலக்கை விழுந்து தரை விரிசல் விட்டது. திட்டி அனுப்பினார்.

இரண்டாவதாகக் கடல்கடந்து வந்த பலகை பதித்தார். துணி வெளுப்பவன் குடிவந்தான். ஈரத்தில் பலகை உப்பி எழுந்தது. அவனையும் அனுப்பினார்.

மூன்றாவதாக மனைவியின் வளையலை விற்று வெள்ளைப் பளிங்கு பதித்தார். பயந்துகொண்டு ஒருவரும் வரவில்லை. மாதக்கணக்கில் வீடு பூட்டிக் கிடந்தது, இவர் வீட்டு அடுப்பும் பாதி நாள் எரியவில்லை.

கடைசியில் அவல் இடிக்கும் பூவாத்தாள் கணவனோடு வந்தாள். மஞ்சள் சிந்தக்கூடாது, எண்ணெய் சொட்டக்கூடாது என்று சொல்லித்தான் சாவி கொடுத்தார். குடிபுகும் நாளில் வாழ்த்தப் போனவர் திகைத்து நின்றார். இருவரும் தெருவில் மூன்று கல் வைத்துப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, உள்ளே காய்ச்சலையா?"

"பால் பொங்கி வழியணுமே ஐயா. பளிங்குல கறை விழுந்தா எங்களையும் அனுப்பிடுவீங்க. எங்களுக்கு வேற போக்கிடம் இல்லே."

பால் பொங்கியது. வழிந்ததைத் தெருப்புழுதி குடித்தது. பெரியவர் அந்த அடுப்புப் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்தார்.

"உனக்கு எப்படிப்பட்ட தரை வேணும், சொல்லும்மா" என்றார். முன்பு குடியிருந்த எவரிடமும் அவர் இதைக் கேட்டதில்லை.

"உலக்கை விழுந்தா தாங்கணும். தண்ணி ஊத்தினா காயணும். ஒரு கல்லு உடைஞ்சா அதை மட்டும் மாத்த முடியணும். அவ்வளவுதான் ஐயா."

கோட்டைச் சுவர் கட்டி மிஞ்சிய கருங்கல் பலகைகள் மலிவாகக் கிடந்தன. பெரியவர் ஒன்றின்மேல் உலக்கையைப் போட்டார், தண்ணீர் ஊற்றினார், மண்ணில் பதித்துப் பெயர்த்தும் பார்த்தார். பிறகு பளிங்கைப் பெயர்த்து ஒரு பணக்காரருக்கு விற்றுக் கருங்கல்லைப் பதித்தார். மிஞ்சியதில் மனைவியின் கைக்கு வளையலும் வந்தது.

பூவாத்தாள் மறுபடியும் பால் காய்ச்சினாள், இந்தமுறை வீட்டுக்குள்ளே. பொங்கி வரும்போது பழைய பயத்தில், தரையைத் துடைக்கத் துணியை எடுக்கப் போனாள். பெரியவர் அவள் கையைத் தடுத்தார்.

"வழியட்டும்மா" என்றார்.

பிறர் புழங்கக் கொடுக்கும் பொருளை நம் கண்ணுக்கு அழகாக அல்ல, அவர்கள் கைக்கும் காலுக்கும் உதவும்படி தேர்ந்தெடுக்க வேண்டும்.