கரும்பாறையில் கீறிய தண்ணீர் முறை

கோடை வந்ததும் காட்டுச் சுனை, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகிவிட்டது. ஒரு பொழுதுக்கு ஒருவர் குடிக்கத்தான் தண்ணீர் ஊறியது. யார் எப்போது குடிப்பது என்று முறை வைக்கும் வேலையை விலங்குகள் நரியிடம் கொடுத்தன. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தாற்போலத்தான்!

ஆனாலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. நரி அவரவர் காலடித் தடத்தை வரிசையாகக் கரும்பாறையில் கீறிவிட வேண்டும். கீறியதை அழிக்க முடியாது. எல்லாரும் ஒருமுறை குடித்து முடியுமுன் ஒருவர் தடம் மறுபடி வந்தால் அது செல்லாது. அதைத் தாண்டி அடுத்த தடத்தைப் படிக்க வேண்டும்.

கொளுத்தும் வெயிலில் பாறை ஏற யாருக்கு மனம் வரும்? யார் முறை என்று நரி கூவுவதைக் கேட்டுவிட்டு எல்லாரும் நிழலில் படுத்துக் கிடந்தார்கள். நரிக்கு அதுவே தைரியமாயிற்று.

அன்று மாலை மான் தன் குட்டியோடு சுனைக்கு வந்தது. மடியில் பால் வற்றி இரண்டு நாளாயிற்று. குட்டி நிற்கவே தள்ளாடியது.

"நரியாரே, இப்போது என் முறைதானே?"

"உனக்கு நாளைக் காலை! இந்தப் பொழுது எனக்கு!"

"நேற்று மாலைதானே நீங்கள் குடித்தீர்கள்! காலை வரை என் குட்டி தாங்காதே!"

"முறை வைப்பவன் நானா, நீயா? நான் சொன்னதுதான் முறை!"

மான் விறுவிறுவென்று பாறை ஏறி, முதல் தடத்திலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தது. கரடி, முயல், நரி, காட்டுப்பன்றி, மறுபடியும் நரி, அப்புறம் மான்!

"உங்கள் இரண்டாம் தடம் செல்லாது! இந்தப் பொழுது எனக்கு!"

"தாகத்தில் உனக்குக் கண் மங்கிவிட்டது!" என்று சிரித்தது நரி.

முயல் ஏறிப் படித்தது. "மான்தான்!" என்றது.

சத்தம் கேட்டு அடுத்த காட்டு உடும்பு ஒன்று வந்து சேர்ந்தது. அதற்கு மானையும் தெரியாது, நரியையும் தெரியாது. கட்டுப்பாட்டை மட்டும் கேட்டுக்கொண்டு பாறை ஏறியது. நிதானமாகப் படித்து இறங்கியது.

"இந்தப் பொழுது மானுக்கு."

"வழிப்போக்கன் உனக்கு என்ன தெரியும்?" என்று சீறியது நரி.

"ஒன்றும் தெரியாதுதான். யார் படித்தாலும் மான்தான் வருகிறது, நான் என்ன செய்ய?"

நரி ஓடிப்போய்த் தன் தடத்தைச் சுரண்டிப் பார்த்தது. நகம்தான் உடைந்தது.

மான் வயிறார நீர் குடித்தது. இருட்டுவதற்குள் மடியில் பால் சுரந்தது. குட்டி முட்டி முட்டிக் குடித்தது. நரியோ நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அடுத்த சுற்றுக்குக் காத்துக் கிடந்தது.

வரிசை வைக்கும் வேலையை ஒருவரிடம் விடலாம். அதைப் படித்துச் சரிபார்க்கும் வேலையை யாரிடமும் விட்டுவிடக் கூடாது.