தார் டிரம்மில் குடியேறிய வெள்ளெலி

தேரிக்காட்டுச் செம்மணலில், ஓர் உடைமரத்தின் அடியில், பிரமு என்ற வெள்ளெலி தன் கணவன் கொம்பையாவோடு வளை தோண்டி வாழ்ந்து வந்தாள்.

மார்கழியில் ஒருநாள் நரி வந்து அந்த வளையை நகத்தால் பறித்துத் தோண்டியது. அரை நாள் பறித்தும் ஆள் அகப்படவில்லை. வளை அவ்வளவு ஆழம். நரிக்கு நகம் தேய்ந்ததுதான் மிச்சம். ஆனால் இரண்டு அறைகள் இடிந்து விழுந்தன. அன்று பிடித்த நடுக்கம் பிரமுவை விடவே இல்லை.

"இனிமேல் இந்த மண்பொந்தில் இருக்க மாட்டேன்! உறுதியான வீடு வேணும்!" என்றாள்.

"இடிந்ததைத் திரும்பத் தோண்டினால் போச்சு. நரியால் நம்மைத் தொட முடிந்ததா ஏளா?" என்றான் கொம்பையா.

"இந்தத் தடவை முடியவில்லை. அடுத்த தடவை?"

மரத்தில் இருந்த ஓணான் இதைக் கேட்டது. நேராகப் போய் நரியிடம் சொன்னது. நரி காதைச் சொறிந்தபடி யோசித்தது.

"ரோடு போட்டவர்கள் விட்டுப்போன தார் டிரம் ஒன்று மேட்டில் கிடக்கிறது, தெரியுமா? அதில் அவர்களைக் குடிவைத்துவிடு. உன் முட்டைகள் பக்கம் நான் வரவே மாட்டேன்!"

ஓணான் தலையை ஆட்டியது.

தை மாதக் காலையில் அது இருவரையும் மேட்டுக்கு அழைத்துப் போனது. டிரம் படுத்த வாக்கில் கிடந்தது. மூடியில் ஓர் எலி நுழையும் அளவுக்கு ஓட்டை. உள்ளே உறைந்த தார், கண்ணாடிபோல் கரேலென்று மின்னியது.

"தட்டிப் பாருங்க மதினி! முழுக்க இரும்பு! நரி நகம் இதில் கீறுமா? வாசல் மேற்கே பார்த்திருக்கு. சாயங்காலம் சூரியன் இறங்குவதை வீட்டுக்குள் இருந்தே பார்க்கலாம்!" என்றது ஓணான்.

கொம்பையா சுற்றிலும் பார்த்தான். "பக்கத்தில் ஒரு செடிகூட நிழலுக்கு இல்லையே. மேல்வெயில் நேரே உள்ளே அடிக்குமே!"

"இந்தக் குளிருக்கு வெயில் இதமாகத்தானே இருக்கு!" என்றாள் பிரமு.

அன்றே குடியேறினார்கள். அணில் வந்து பார்த்தது. கவுதாரி வந்து பார்த்தது. இருவரும் இரும்பைத் தட்டித் தட்டி மெச்சினார்கள். பிரமுவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

மாசி போனது. பங்குனியில் இரும்பு சுடத் தொடங்கியது. தார் இளகிக் காலில் ஒட்டியது. ஒருநாள் பிரமுவின் வாலே தாரில் சிக்கிக்கொண்டது.

"பழைய இடத்துக்கே போயிடுவோம்" என்றான் கொம்பையா.

"ஊரே வந்து பார்த்த வீடு! இப்போது திரும்பினால் சிரிக்க மாட்டார்களா?"

சித்திரை பிறந்தது. பிரமு ஐந்து குட்டிகள் ஈன்றாள். மூன்றாம் நாள் உச்சிவெயிலில் டிரம் அடுப்பாகிவிட்டது. கண் திறக்காத குட்டிகள் வாயைப் பிளந்து இளைத்தன. பிரமு வாசலுக்கு ஓடினாள்.

சற்றுத் தள்ளி ஒற்றைப் பனையின் நிழலில் நரி படுத்திருந்தது.

"வா பிரமு, வா! வெளியே காற்று வாங்க வா!"

பிரமு பின்வாங்கினாள். "நரி அண்ணாச்சி, உங்களால் இந்த வீட்டுக்குள் நுழைய முடியாது!" என்று கத்தினாள்.

"நான் எதற்கு நுழையணும்? எதற்குத் தோண்டணும்? வெயில் எனக்காக வேலை செய்கிறது. நீங்களாகவே வருவீர்கள்!" என்று நரி சிரித்தது.

ஓணான் இந்த வீட்டை ஏன் காட்டியது என்பது அப்போதுதான் பிரமுவுக்குப் புரிந்தது. "என் வீம்பால் பிள்ளைகளைச் சாகக் கொடுக்கப் போகிறேனே!" என்று அழுதாள்.

"அழ நேரமில்லை. குட்டிகளைப் பின்மூலைக்கு நகர்த்து!" என்றான் கொம்பையா.

பின்மூலையில் டிரம் பாதி மணலில் புதைந்திருந்தது. அங்கே தார் படியவில்லை; சூடும் கொஞ்சம் குறைவு. ஐப்பசி மழையில் ஊறிய அந்த அடிப்பாகம் துருப்பிடித்துப் பொரிந்திருந்தது. பிரமு பல்லால் கடித்தாள். துரு உதிர்ந்தது. ஈறில் இரத்தம் கசிந்தது. அவள் விடவில்லை. தலை நுழையும் அளவுக்குத் துளை விழுந்ததும் மணலைப் பறித்தாள். பறித்த மணலைக் கொம்பையா பின்னங்காலால் தள்ளித் தள்ளி வாசலை அடைத்தான்.

ஒரு சாண் ஆழத்தில் மணல் வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு முழம் இறங்கியதும் சூடு அடங்கியது. இன்னும் இறங்கினாள். மணலில் ஈரம் தட்டியது.

குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி இறக்கினாள். ஐந்தாவது குட்டி துவண்டு தொங்கியது. அதை ஈரமணலில் கிடத்தி நக்கிக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் கழித்து அது "கீச்" என்றது. பிரமு அதை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

வெளியே பொழுது சாய்ந்தது. நரிக்குப் பொறுமை போனது. "இன்னுமா வெந்து முடியவில்லை?" என்று மூக்கை ஓட்டையில் நுழைத்தது. சுட்ட இரும்பு மூக்கைப் பொசுக்கியது. ஓட்டை விளிம்பில் இளகி வழிந்த தார் மீசையைப் பிடித்துக்கொண்டது. இழுத்த இழுப்பில் பாதி மீசை டிரம்மோடு போனது.

"உள்ளேதான் இருக்கிறார்களா?" என்று, பனையடியில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஓணானைப் பார்த்து உறுமியது.

ஓணான் வழக்கம்போலத் தலையை ஆட்டியது. நரி அதன்மேல் பாய்ந்தது. ஓணான் பனையில் ஏறித் தப்பியது. நரி முனகிக்கொண்டே குளத்துப் பக்கம் ஓடியது.

பிரமுவும் கொம்பையாவும் மண்ணுக்குள்ளேயே தோண்டிக்கொண்டு போனார்கள். மேட்டுக்கு வடக்கே, சங்கஞ்செடிப் புதர் நிழலில் வாசல் வைத்தார்கள். வெயில் எட்டிப் பார்க்காதபடி வழியை வளைத்தார்கள். சூடான காற்று ஏறிப்போக மேட்டுப் பக்கம் இன்னொரு துளை வைத்தார்கள். நரி ஒரு வாசலில் உட்கார்ந்தால் மறு வாசல் வழியே போகலாம். டிரம்முக்குப் போன வழியை மண்ணால் அடைத்துவிட்டார்கள்.

அக்கினி வெயிலில் கவுதாரி அந்தப் பக்கம் வந்தது.

"என்ன பிரமு, அந்தப் பெரிய வீட்டை விட்டுவிட்டு இந்தப் பொந்துக்கு வந்துவிட்டாயாமே! பார்க்க ஒன்றுமே இல்லையே!"

"பார்க்க ஒன்றும் இல்லைதான்" என்றாள் பிரமு. "தலையை மட்டும் உள்ளே நீட்டிப் பாருங்க."

கவுதாரி தலையை நீட்டியது. உள்ளிருந்து குளுகுளுவென்று காற்று முகத்தில் பட்டது. வெயில் தாழும்வரை அது தலையை வெளியே எடுக்கவே இல்லை.

குளிர்காலத்தில் கண்டு மயங்கி வீடு பிடிக்காமல், கோடை வெயிலையும் காலடி மண்ணையும் அறிந்து வீடு கட்டுகிறவரே அதில் நிம்மதியாகக் குடியிருப்பார்.