ஆவுடையப்பனின் உழவாரம்

"அம்மா, இந்த ஓடை என்னைய வச்சு விளையாடுது" என்றார் ஆவுடையப்பன்.

மங்கை அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு அவர்தான் குரு. சீடர் ஆவுடையப்பனுக்கோ அவரைவிட வயது அதிகம். சீடர் குருவை 'அம்மா' என்பார், குரு சீடரை 'அண்ணாச்சி' என்பார். இதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

"என்ன செய்யுது அண்ணாச்சி?"

"காலையில கூடை கூடையா சகதிய அள்ளுதேன். ஒரு சாரல் அடிச்சாப் போதும், மறுபடியும் காப்பி மாதிரி வருது. அயிரை ஒண்ணையும் காணோம்."

அயிரை என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது.

உடையாமல் என்ன செய்யும்? அவர் மனைவி பிச்சம்மாள் இருந்தவரை, மடத்துக்கு வந்தால் முதலில் ஓடைக்குத்தான் போவாள். காலைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்து, மடியில் கட்டிவந்த பொரியைத் தூவுவாள். விரல் நீளம்கூட இல்லாத அயிரை மீன்கள் வந்து மொய்க்கும். அந்த நேரத்தில் புருஷன் கூப்பிட்டாலும் அவள் காதில் விழாது.

அவள் போன பிறகு ஆவுடையப்பன் பாத்திரக்கடையை மகளிடம் விட்டுவிட்டு மடத்துக்கே வந்துவிட்டார். ஓடைக்கு மேலே சரிவில், அவள் நினைவாக நந்தியாவட்டையும் அரளியும் வைத்து ஒரு நந்தவனம் போட்டார்.

அவர் இடுப்பில் எப்போதும் ஓர் உழவாரம் செருகியிருக்கும். கோயில் பிராகாரத்தில் முளைக்கிற புல்லைச் செதுக்கும் கருவி அது. அப்படிச் செதுக்குவதையே பூசையாகச் செய்கிறவர்கள் உண்டு. ஆவுடையப்பன் அந்தக் கூட்டம்.

"சகதி தானா தெளியும், பொறுத்திருன்னு சொல்லப் போறீங்க" என்றார். "அந்தக் கதையெல்லாம் எனக்கும் தெரியும்மா."

மங்கை அம்மா சிரித்துவிட்டார். "தெரிஞ்சா நல்லதுதான். ஓடையில ஒரு கிளாஸ் மோந்துட்டு வாங்க."

கொண்டுவந்து வைத்தார். இருவரும் கீரை ஆய்ந்தார்கள். கீரை முடிந்தபோது கிளாஸில் தண்ணீர் பளிங்காக நின்றது.

"பாத்தீங்களா? தெளிஞ்சிட்டு" என்றார் ஆவுடையப்பன். கதை தெரிந்த தெம்பு முகத்தில் இருந்தது.

"மண்ணு எங்க போச்சு?"

"அடிக்குப் போச்சு."

"ஓடையில அடியில யாரு இருக்கா அண்ணாச்சி?"

ஆவுடையப்பன் கிளாஸைத் தூக்கி, அடியில் படிந்த மண்ணைப் பார்த்தார்.

ஓடையின் அடியில் கூழாங்கல் இருக்கும். கல்லிடுக்கில் அயிரையின் முட்டை இருக்கும். பிச்சம்மாள்தான் ஒருமுறை குனிந்து காட்டினாள், மூச்சு படாமல் பார்க்கச் சொல்லி.

"ஐயோ, தெளியத் தெளியல்லா அது மூடிக்கிட்டுப் போகுது" என்றார். "நான் என்ன செய்யட்டும் அம்மா?"

"எங்கருந்து வாறன்னு கேட்டீங்களா?"

"யாருட்ட?"

"மண்ணுட்ட."

மறுநாள் நல்ல சாரல். ஆவுடையப்பன் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடைக்குள் இறங்கி, நீர் வரும் திசையில் நடந்தார். மேலே யாரோ மண் வெட்டுகிறான் என்று முடிவே கட்டியிருந்தார். அவனுக்குக் கொடுக்க வேண்டிய ஏச்சு முழுவதும் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

மரப்பாலத்தைத் தாண்டியதும் நின்றார். அதற்கு மேலே தண்ணீர் கண்ணாடிபோல் வந்தது. காலுக்குக் கீழே கலங்கல். நடுவில், கரையிலிருந்து செம்மண் நீர் ஒழுகி இறங்கிக்கொண்டிருந்தது.

அது வந்த வழியைப் பிடித்துக்கொண்டு வழுக்கி வழுக்கி மேலே ஏறினார். தலையை நிமிர்த்தியபோது முகத்துக்கு நேரே நந்தியாவட்டை பூத்திருந்தது.

அவர் நந்தவனம்தான். ஒரு புல் கிடையாது. உழவாரம் போட்டுப் போட்டுப் பெருக்கிய வாசல்போல் வைத்திருந்தார். பிடித்துவைக்க ஒரு புல்வேர்கூட இல்லாத அந்த வெறும் மண்ணில் மழை விழுந்தது. விழுந்த இடமெல்லாம் கரைந்து ஓடைக்குப் போனது.

ஆவுடையப்பன் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதார். பெரிய மனுஷன் அழுவது பார்க்கச் சகிக்காது. ஆனால் அழ வேண்டிய அழுகை அது.

தலைமேல் மழை நின்றதுபோல் இருந்தது. மங்கை அம்மா குடை பிடித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?"

"தெரியும்."

"பிறகு ஏன் சொல்லல?"

"நான் சொன்னா அன்னைக்கே எல்லாத்தையும் பிடுங்கி எறிஞ்சிருப்பீங்க. மதினி தோட்டம்லா?"

"இப்பவும் பிடுங்கத்தான் போறேன்."

"செடி என்ன தப்புச் செஞ்சுது?"

ஆவுடையப்பன் நந்தியாவட்டையைப் பார்த்தார். பிறகு இடுப்பைத் தடவி, உழவாரத்தை உருவி, குருவின் காலடியில் வைத்தார்.

"இதையும் வாங்கிக்கிட்டா எனக்கு என்னம்மா பணி?"

"புல்லு வரும். வர விடுங்க."

"அது ஒரு பணியா?"

"செஞ்சு பாருங்க."

செய்து பார்த்தார். பாவம், கை சும்மா இருக்கவில்லை. கோரை தலைகாட்டினால் கை தானாகப் போகும். சூடான சட்டியைத் தொட்டவர்போல் இழுத்துக்கொள்வார். சில நாள் இரண்டு கையையும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டே நந்தவனத்தைச் சுற்றி வந்தார்.

அடுத்த வருஷச் சாரலில், பிச்சம்மாளின் திதிக்கு மகள் உலகம்மை வந்தாள். சரிவைப் பார்த்ததும் அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. முழங்கால் உயரத்துக்குப் புல். நடுநடுவே பூச்செடிகள்.

"அம்மா தோட்டத்த இப்படிக் காடாப் போட்டுட்டீங்களே அப்பா! அதுக்குள்ள மறந்தாச்சா?"

அந்தச் சொல் அவருக்கு வலித்தது. மகள் கையைப் பிடித்து ஓடைக்கு இறங்கினார். தூறல் வலுத்துக்கொண்டிருந்தது.

"தோட்டத்தக் கேட்டா ஓடைக்குக் கூட்டிட்டு வாறீங்க. இங்க என்ன இருக்கு?"

"கால உள்ள வை."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வைத்தாள். அத்தனை மழையிலும் அடியில் கூழாங்கல் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில், "அப்பா, என்னமோ கடிக்குது!" என்று காலை உதறினாள்.

பிறகு குனிந்து பார்த்தாள். நகத்தளவு அயிரைக் குஞ்சுகள், அவள் பாதத்தைச் சுற்றி, கணக்கில்லாமல்.

உலகம்மை அப்படியே உட்கார்ந்துவிட்டாள். காலை வெளியே எடுக்கவே இல்லை.

ஆவுடையப்பன் அவள் தலையில் கை வைத்தார்.

"அம்மா தோட்டம் மேலயே முடியல தாயி. இங்க வரைக்கும் இருக்கு."